பெயரில்லாத நால்வர்

சென்னைக்கு ஊர் பார்க்க வருவோர் கடற்கரையைத் தவறவிடுவதில்லை. சாந்தோம் பேராலயத்திலும் மயிலைக் கோயிலிலும் பகலைக் கழித்துவிட்டு, வெயில் தாழும் வேளையில் பேருந்து காமராசர் சாலைக்குள் திரும்பியதும் சன்னலோர இருக்கைகளில் ஒரு பரபரப்பு எழும். “அதோ வள்ளுவர்”, “இவர் பாரதியார்” என்று குழந்தைகளுக்குக் காட்டிக்கொண்டே வருவார்கள். தெரியாத சிலை ஒன்று வந்தால் யாரென்று கேட்பார்கள். விடை கிடைத்ததும் கண்கள் அடுத்த பீடத்திற்குத் தாவிவிடும். பங்கு மக்களை அழைத்துக்கொண்டு இவ்வழியே பலமுறை சென்றவன் என்ற முறையில் சொல்கிறேன்: நம்மவர்கள் சிலைகளைப் பார்ப்பதில்லை, வாசிக்கிறார்கள். பெயரை வாசித்து முடித்ததும் சிலையும் முடிந்துவிடுகிறது.

இதற்குப் பார்ப்பவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. பெயரைத் தவிர வேறெதையும் சொல்லாத சிலைகளை நிறுத்திவைத்துவிட்டு, ஏன் நின்று பார்க்கவில்லை என்று கேட்பதில் பொருளில்லை.

பெயருக்கு அப்பால் ஏதேனும் சொல்ல வேண்டுமாயின் வழிகாட்டிகள் கதையொன்றைச் சொல்வார்கள். தீவுத்திடலை ஒட்டி, குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்றோவின் சிலையைக் கடக்கும்போது, அதை வடித்த சிற்பி சேணத்தையும் அங்கவடியையும் வைக்க மறந்துவிட்டார் என்றும், பிழையை உணர்ந்ததும் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றும் சொல்லக் கேட்காத சென்னைவாசி இல்லை. சேணமும் அங்கவடியும் இல்லை என்பது உண்மை. மற்றது கட்டுக்கதை. இலண்டனில் அதை வடித்த பிரான்சிஸ் சாண்ட்ரி, சிலை 1839இல் சென்னையில் நிறுவப்பட்ட பின்னும் வாழ்ந்திருந்து, 1841இல் நோயால் இறந்தவர். அவரே வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் சிலையிலும், வெலிங்டன் கோமகனின் சிலையிலும் அங்கவடி கிடையாது. பண்டைய உரோமைச் சிற்ப மரபை ஒட்டி அவர் விரும்பித் தேர்ந்துகொண்ட முறை அது. மறதி என்று கதை கட்டிய நாம், அந்தக் குதிரை எவ்வளவு அமைதியாக நிற்கிறது என்பதையோ, சவாரி செய்பவரின் உடல் அணிகலன் எதையும் நம்பாமல் தன் எடையாலேயே எப்படி அமர்ந்திருக்கிறது என்பதையோ பார்க்கத் தவறிவிட்டோம். கதை பார்வையை விழுங்கிவிட்டது.

உருவங்களைப் பற்றித் திருச்சபை நெடுநாள் சிந்தித்திருக்கிறது. அவ்விவாதம் குருதி சிந்தியதாகவும் இருந்தது. 787இல் கூடிய இரண்டாம் நிசேயாச் சங்கம், உருவத்திற்குச் செலுத்தும் மரியாதை அந்த உருவம் குறிக்கும் ஆளையே சென்றடைகிறது என்ற கொள்கையை நிலைநாட்டியது. திருவுருவங்களைக் காத்துநின்ற இக்கொள்கை, நம் நகரத்துச் சிலைகளின் இயல்பை விளங்கிக்கொள்ளவும் உதவுகிறது. மரியாதை மட்டுமன்று, வெறுப்பும் இவ்வழியே சென்றடையும். 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியைக் கொடுமையாக ஒடுக்கிய தளபதி நீலின் சிலை அண்ணாசாலையில் நின்றிருந்தது. அதை அகற்றக் கோரி 1927இல் தொண்டர்கள் சத்தியாகிரகம் செய்து சிறை புகுந்தனர். 1937இல் இராஜாஜியின் அமைச்சரவை அதை அகற்றி எழும்பூர் அருங்காட்சியகத்திற்கு அனுப்பியது. அச்சிலை நல்ல சிற்பமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் வேண்டியதில்லை. சண்டை வெண்கலத்தோடு நிகழ்ந்ததன்று.

1968ஆம் ஆண்டு தொடக்கத்தில் சென்னையில் நடைபெற்ற இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிக் கடற்கரையில் எழுந்த சிலைகளும் இந்த வகையினவே. வள்ளுவர், ஔவையார், இளங்கோவடிகள், கம்பர், பாரதியார், பாரதிதாசன் ஆகியோரோடு வீரமாமுனிவரும், கால்டுவெல்லும், ஜி.யு. போப்பும் அந்த வரிசையில் இடம்பெற்றனர். கடல் கடந்து வந்து தமிழுக்கு உழைத்த மூன்று கிறித்தவப் பணியாளர்களை, மொழியின் பெயரால் கூடிய ஒரு மாநாடு ஔவைக்கும் கம்பனுக்கும் அருகே நிறுத்தியது என்பது சிறிய செய்தியன்று. ஓர் அரசு தன் நாட்டின் பெருமையைக் காட்டப் படைத்தலைவர்களை விடுத்துப் புலவர்களை வரிசையாக நிறுத்திய நகரங்கள் உலகில் எத்தனை இருக்கும்? அந்த எண்ணத்தைப் போற்றுகிறேன்.

ஆனால் எண்ணம் வேறு, சிற்பம் வேறு. வீரமாமுனிவரின் சிலையைக் கண்டு நம் மக்கள் மகிழ்வதெல்லாம் பெயருக்காக. பெயர்ப்பலகையை மறைத்துவிட்டு, தேம்பாவணி பாடியவர் இவர் என்று அவ்வுருவம் நமக்கு உணர்த்துமா? இத்தாலியில் பிறந்து, வேற்று மொழியொன்றின் யாப்பைக் கைவசப்படுத்தி, 3615 பாடல்களில் ஒரு காப்பியத்தைக் கட்டியெழுப்பிய அந்த அசாத்தியப் பிடிவாதம் அங்கே எந்த மடிப்பில், எந்த நரம்பில் தெரிகிறது? புலவர்கள் நிற்கிறார்கள். நன்றாக, மரியாதையாக நிற்கிறார்கள். பாடநூல் அட்டையில் உள்ள படம் எழுந்து நின்றதுபோல் நிற்கிறார்கள். நாமும் அதற்கேற்ற மரியாதையைச் செலுத்திவிட்டுக் கடந்துபோகிறோம்.

வரிசையில் ஒருத்தி மட்டும் நின்றுகொண்டிருக்கவில்லை. சிலம்பேந்திய கையும் நீட்டிய கையுமாகக் கண்ணகி வழக்குரைக்கிறாள். அச்சிலையின் பாவனையில் நாடக மேடையின் சாயல் தூக்கலாகவே உண்டு. சிற்பத்திற்கு வேண்டிய அடக்கம் அதில் இல்லை என்பதே என் கருத்து. ஆயினும் அவளுக்கென்று ஒரு செயல் இருக்கிறது. 2001 டிசம்பரில் அச்சிலை கடற்கரையிலிருந்து அகற்றப்பட்டபோது நாடு கொந்தளித்ததையும், 2006 ஜூனில் அது மீண்டும் நிறுவப்பட்டதையும் வாசகர்கள் நினைவில் கொண்டிருப்பார்கள். நடிகர் சிவாஜி கணேசனுக்குக் கடற்கரைச் சாலையில் 2006இல் எழுப்பிய சிலையோ, போக்குவரத்திற்கு இடையூறு என்று வழக்குமன்றம் செல்லும்படி ஆகி, 2017இல் இரவோடு இரவாக அடையாற்றிலுள்ள மணிமண்டபத்திற்குப் பெயர்ந்தது. இந்த வாதங்கள் எல்லாவற்றிலும் இலக்கியம் பேசப்பட்டது, அரசியல் பேசப்பட்டது, சாலை விதி பேசப்பட்டது. சிற்பத்தைச் சிற்பமாகக் கருதி ஒரு சொல் பேசப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

இந்தக் கடற்கரையின் வடகோடிக்கு வருவோம். தலைவர்களின் நினைவிடங்கள் அருகிலேயே இருக்கின்றன. ஊர் பார்க்க வந்த கூட்டம் அங்கேதான் நெருக்கியடித்துக்கொண்டு செல்லும். போகிற வழியில் ஒரு மேடைமீது நான்கு ஆண்கள் ஒரு பாறையோடு போராடிக்கொண்டிருக்கிறார்கள். 1959ஆம் ஆண்டு சனவரி 25ஆம் நாள், குடியரசு நாளுக்கு முந்திய நாளில், காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் நிறுவப்பட்ட சிலை இது. இதை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி, சென்னை ஓவியப் பள்ளியின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர். 1929 முதல் 1957 வரை அங்கே பணியாற்றி ஒரு தலைமுறைக் கலைஞர்களை உருவாக்கியவர்.

அருகே சென்று பாருங்கள். இடையில் கோவணத் துணியன்றி வேறில்லை. நெம்புகோல்களைப் பாறைக்கடியில் செருகி, உடலின் முழுப் பாரத்தையும் அவற்றின்மீது சாய்த்திருக்கிறார்கள். முதுகுத் தசைகள் முறுக்கேறி, விலா எலும்புகள் புடைத்து, கால்கள் மண்ணை உதைத்து ஊன்றியிருக்கின்றன. எவரும் நம்மை நோக்கிக் காட்சி தரவில்லை. சிலை என்றால் பார்ப்பவரை எதிர்கொண்டு நிற்கும் என்ற வழக்கத்திற்கு மாறாக, இந்த நால்வரும் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். நாம் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. இதனால்தான் நம்மால் அவர்களை உண்மையிலேயே பார்க்க முடிகிறது. வணங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாத உருவத்தின்முன் கண் தானாகத் தங்குகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. நான்கு உடல்கள், ஒரே முயற்சி. ஒருவனை நீக்கிவிட்டால் மற்ற மூவரின் சாய்வும் பொருளற்றுப் போகும். தனிமனிதரை உயரத்தில் நிறுத்துவதே பொதுவிடச் சிற்பத்தின் வேலை என்று நூற்றாண்டுகளாக எண்ணிவந்த உலகில், தலைவன் இல்லாத ஒரு கூட்டத்தை இப்படி ஒரே மூச்சாகக் கட்டியிருப்பது அரிய சாதனை. ராய் சௌத்ரிக்குக் கூட்டமும் முன்னோக்கிய அசைவும் வாழ்நாள் முழுவதும் விடாத நாட்டங்கள். 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தில் உயிர்நீத்த மாணவர் எழுவருக்குப் பாட்னாவில் அவர் வடித்த நினைவுச் சின்னமும், தண்டி யாத்திரையைச் சித்திரிக்கும் தில்லிச் சிற்பமும் இதற்குச் சான்று. அவனீந்திரநாத் தாகூரிடம் ஓவியம் பயின்றவர், வங்கத்து ஓவியப் பள்ளியின் மென்மைக்கு அடங்காமல் சிற்பத்தில் ரொடானின் வன்மையை நாடினார். மல்யுத்தம் பழகியவர், வேட்டையாடியவர், புல்லாங்குழல் வாசித்தவர், கதைகள் எழுதியவர். தசை எங்கே நோகும் என்பதைத் தம் உடலாலேயே அறிந்தவரின் கை இதில் தெரிகிறது.

இதே கடற்கரையில் நிற்கும் காந்தியடிகளின் சிலையும் இவர் வடித்ததே. அதுவும் 1959ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. பெயருள்ள ஒருவரை வடிக்கும்போதும் அவரை நிறுத்திவைக்க இச்சிற்பிக்கு மனம் வரவில்லை. கோலூன்றி நடக்கிறார் காந்தி. நடப்பதும் ஓர் உழைப்பு என்பதை அந்த மெலிந்த கால்கள் காட்டுகின்றன. புலவர் வரிசைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே, பெயருள்ளவரைச் சிற்பமாக்குவது எப்படி என்று இந்த மணலிலேயே ஒருவர் காட்டிவிட்டுச் சென்றிருந்தார். பின்வந்தோர் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை.

சிலையின் பெயரைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் இதற்கு இடப்பட்ட பெயரைத் தமிழில் உழைப்பின் வெற்றி என்று சொல்லலாம். தமிழ் மக்கள் அப்பெயரை ஏற்கவில்லை. பேருந்து நிறுத்தத்திற்கும்கூட ‘உழைப்பாளர் சிலை’ என்றே பெயர். வெற்றியை விட்டுவிட்டு ஆட்களை வைத்துக்கொண்டார்கள். இது அறியாமையால் நேர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. சிலையை மறுபடி பாருங்கள்: பாறை இன்னும் புரளவில்லை. அது அசையப் போகிறதா, திரும்ப அமர்ந்து நால்வரையும் ஏமாற்றப் போகிறதா என்று வெண்கலம் நமக்குச் சொல்லவில்லை. தலைப்பு முந்திக்கொண்டு வெற்றியை அறிவித்துவிட்டது. சிற்பம் இன்னும் முயன்றுகொண்டிருக்கிறது. பெயர் சூட்டியவர்களைவிடப் பேருந்தில் செல்லும் மக்களே சிற்பத்தைச் சரியாக வாசித்தார்கள் என்பேன்.

நிசேயாவின் கொள்கைக்கு இங்கே என்ன நேர்கிறது? உருவத்திற்குரிய மரியாதை மூலத்தைச் சென்றடைய வேண்டுமாயின், இந்த நால்வரின் மூலம் யார்? பெயரில்லை, ஊரில்லை, பிறந்த நாளில்லை, ஆகவே மாலை போடக் குறித்த நாளும் இல்லை. மே முதல் நாளில் தொழிற்சங்கத்தார் வந்து மாலையிடுகிறார்கள்; அது பொருத்தமானதே. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சிங்காரவேலர் இந்தியாவிலேயே முதன்முறையாகத் தொழிலாளர் நாளைக் கொண்டாடியது இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். நம் திருச்சபையும் 1955இல், திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரின் ஆணைப்படி, அதே நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பருக்கு உரியதாக்கியது. தேம்பாவணியின் தலைவனான வளனும் அந்த நாசரேத்துத் தச்சரே. தச்சரைப் பாடிய புலவரின் சிலையும், கல் புரட்டுவோரின் சிலையும் ஒரே சாலையில் இருக்கின்றன. நம் வழிகாட்டிகள் எவரும் இவற்றை இணைத்துச் சொல்லக் கேட்டதில்லை. நம் மறைக்கல்வி வகுப்புகளிலாவது சொல்லலாம்.

ஆனால் பெயரில்லாத உருவத்திற்கு ஓர் ஆபத்தும் உண்டு. அதற்குச் செலுத்தும் மரியாதை யாரையும் சென்றடையாமல் வெண்கலத்திலேயே தங்கிவிடலாம். இந்தக் கடற்கரையில் அது நிகழ்ந்திருக்கிறது. சிங்காரவேலர் மீனவர் குலத்தில் பிறந்தவர். அவருடைய மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுமரங்களை ஏற்றியும் வலைகளை உலர்த்தியும் வந்த மணல் இது. 1985இல், கடற்கரையை அழகுபடுத்துவதற்காக அந்தக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த முற்பட்டபோது எழுந்த போராட்டம் துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது, மீனவர்கள் உயிரிழந்தனர். ஊர் பார்க்க வருவோரின் கண்ணுக்கு உறுத்தாதிருக்க வேண்டும் என்பதற்காக, உழைக்கும் மனிதர் காட்சியிலிருந்து விலகும்படி கேட்கப்பட்டார். வெண்கலத்தாலான நால்வர் அப்போதும் அதே மணலில் நெம்பிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களை உறுத்தலாக எவரும் கருதவில்லை. அவர்கள் வலை உலர்த்துவதில்லை. மீன் நாற்றமும் அவர்களிடம் இல்லை.

சிற்பத்தின்மீது இந்தப் பழியைச் சுமத்தலாமா என்று கேட்கலாம். சுமத்தவில்லை. நல்ல சிற்பம் என்பதாலேயே இந்த முரண்பாடு நமக்குத் தெரிகிறது. புலவர் வரிசையில் எந்தச் சிலையாவது இப்படி ஒரு கேள்வியை எழுப்பும் வலுவுடையதா? எழுப்பக்கூடியவள் ஒருத்தி உண்டு என்றேன். அவளுடைய கதை நகரின் தென்கோடியில் தொடர்கிறது.

2000ஆம் ஆண்டு முதல், சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் குடிசையிட்டு வாழ்ந்த குடும்பங்கள், அன்று நகர எல்லைக்கு வெளியே இருந்த ஒக்கியம் துரைப்பாக்கத்தில் அடுக்குமாடி வீடுகளில் குடியமர்த்தப்பட்டன. அந்தக் குடியிருப்புக்குக் கண்ணகி நகர் என்று பெயர். பிறந்த ஊரைவிட்டு வேற்றூரில் நீதி கேட்டவளின் பெயரை, இருந்த இடத்தைவிட்டு அகற்றப்பட்டோரின் ஊருக்குச் சூட்டியவர்கள் அதன் பொருளை எண்ணித்தான் சூட்டினார்களா? கடற்கரையில் அவள் சிலை 2001இல் இடம்பெயர்ந்து, ஐந்தாண்டுகளுக்குள் திரும்பி வந்துவிட்டது. அவள் பெயர்கொண்ட நகரின் மக்களில் பழைய இடத்திற்குத் திரும்பியவர் எத்தனை பேர்?

2020ஆம் ஆண்டு தொடக்கத்தில் கலை அமைப்பு ஒன்று, வண்ணப்பூச்சு நிறுவனம் ஒன்றின் துணையோடு, அந்தக் குடியிருப்பின் உயர்ந்த சுவர்களில் பெரிய ஓவியங்களைத் தீட்டச் செய்தது. அதுவரை அந்தத் திசையையே எட்டிப்பாராத சென்னைவாசிகள் படக்கருவிகளோடு அங்கே சென்றார்கள். குற்றச்செய்திகளில் மட்டும் அடிபட்டுவந்த ஓர் ஊர் காணவேண்டிய இடங்களின் பட்டியலில் சேர்ந்தது. வறுமைக்கு வண்ணம் பூசுகிறார்கள் என்று சிலர் குறை கூறினர். அந்தக் குறையை முழுவதும் தள்ளிவிட என்னால் இயலவில்லை. சுவருக்கு வண்ணம் வந்ததால், வேலைக்காக நகருக்குள் போய்வரும் பெண்ணின் பயணத்தில் ஒரு நாழிகையும் குறையவில்லை.

எனினும் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். சில சுவர்களில் சிறார்களின் முகங்கள் சிரிக்கின்றன. தலைவரின் முகமன்றி வேறு முகத்தை இவ்வளவு பெரிதாக வரைந்து வழக்கமில்லாத ஒரு மாநிலத்தில், பதவியும் பட்டமும் இல்லாத ஒரு குழந்தையின் முகம் மாடி உயரத்திற்கு எழுந்துநிற்கிறது. ஓவியங்கள் எல்லாம் ஒரே தரத்தவை என்று சொல்ல மாட்டேன். சில வெறும் அலங்காரம், எந்த நகரத்தின் எந்தச் சுவரிலும் பொருந்தக்கூடியவை. ஆனால் அம்முகங்கள் அப்படியல்ல. அங்கே யாருடைய பெயரும் எழுதப்படவில்லை, வருவோர் கேட்கத்தான் வேண்டும். கேட்டால் அந்தத் தெருவிலேயே ஒருவர் நின்று பதில் சொல்லக்கூடும். கடற்கரை நால்வருக்குக் கிட்டாத வாய்ப்பு இது.

வெண்கலம் இன்னும் பல தலைமுறைகளைக் காணும். சுவரின் வண்ணத்தைச் சென்னையின் வெயிலும் வடகிழக்குப் பருவமழையும் சில ஆண்டுகளிலேயே வெளுத்துவிடும். அதற்குள் ஒருமுறை, கடற்கரையைப் பார்த்த பின் நம் பங்குப் பேருந்துகள் பழைய மாமல்லபுரம் சாலையில் திரும்பி அங்கேயும் நிற்கட்டும் என்று அருள்பணியாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.